போர்க்குற்ற வழக்கு: உள்ளூர்க் கோர்ட்டா, ஹேக்கா?

வில்லுக்குறி வாத்தியார்

தக்கலையில் நண்பர்கள் பேசிக்கொண்டிருந்தபோது கிளம்பிய வாக்குவாதம், கடைசி பஸ் வந்துவிட்டதால் பாதியில் நின்றுபோனது. அதை இங்கே இறக்கிவைக்கிறேன். போரில் பொதுமக்களைக் கொன்றவர்களை அந்தந்த நாட்டு நீதிமன்றம் விசாரிக்க வேண்டுமா, நெதர்லாந்தின் ஹேக் நகரில் இருப்பது மாதிரியான சர்வதேச நீதிமன்றமா?

நான் உள்நாட்டுக் கட்சி. சாட்சி சொல்ல வேண்டிய கிழவி அந்த ஊரில்தான் இருக்கிறாள். பிணம் புதைந்த மண்ணும் அங்கேதான். தீர்ப்பு அந்த ஊர்ப் பேப்பரில், அந்த ஊர் மொழியில் வந்தால்தான் கொன்றவனின் பக்கத்து வீட்டுக்காரனும் அதைப் படிப்பான். நூரம்பர்க்கில் 1945-46இல் நாஜித் தலைவர்களை விசாரித்தவை போரில் வென்ற நான்கு நாடுகள். மூன்று பேரை விடுதலையும் செய்தார்கள், ஆகவே அது வெறும் நாடகம் இல்லை. ஆனால் வென்றவர்கள் போட்ட குண்டுகளைப் பற்றி அங்கே யாரும் குற்றப்பத்திரிகை வாசிக்கவில்லையே.

அர்ஜென்டினாவைப் பாருங்கள். ராணுவ ஆட்சி நடத்திய தளபதிகளை 1985இல் அந்த நாட்டு சிவில் நீதிபதிகளே விசாரித்தார்கள். விடேலாவுக்கு ஆயுள் தண்டனை. வெளியாள் யாரும் தேவைப்படவில்லை. மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள், சண்டை வேண்டாம்.

மார்த்தாண்டம் மாப்ள

சண்டை வேண்டாம் என்று ஆரம்பித்த இழை எதுவும் இங்கே சண்டை இல்லாமல் முடிந்ததில்லை சார். நான் பழம்பொரியோடு உட்கார்ந்துவிட்டேன்.

முகாம் பிள்ளை

வணக்கம் சார். நான் இந்த மாவட்டத்து அகதி முகாமில் பிறந்தவள். அம்மாவும் அப்பாவும் யாழ்ப்பாணப் பக்கம். "உள்நாட்டு நீதிமன்றம் போதும்" என்று யார் சொன்னாலும் எனக்கு அந்தப் பக்கத்து மிருசுவில் கிராமம்தான் ஞாபகத்துக்கு வரும்.

2000 டிசம்பரில், இடம்பெயர்ந்த சனம் தங்கள் வீடுவாசலைப் பார்த்துவரப் போனது. எட்டுப் பேரைக் கழுத்தறுத்துப் புதைத்தார்கள். அதில் பிள்ளைகளும் உண்டு. ஒருவர் காயத்தோடு தப்பி வந்ததால்தான் விஷயமே வெளியில் தெரிந்தது. வழக்கு நடக்கவில்லையா என்றால், நடந்தது. கொழும்பில் நடந்தது. ஐந்து சிப்பாய்கள் மேல் குற்றச்சாட்டு. 2015 ஜூனில் ஒரே ஒரு சார்ஜன்ட், சுனில் ரத்நாயக்கவுக்கு மட்டும் மரண தண்டனை, மற்ற நாலு பேரும் விடுதலை. 2019இல் இலங்கை உச்ச நீதிமன்றமும் அந்தத் தண்டனையை உறுதிசெய்தது. 2020 மார்ச்சில், உலகமே கொரோனாவைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், ஜனாதிபதி கோட்டாபய மன்னிப்புக் கொடுத்து வெளியே விட்டார்.

பதினைந்து வருஷத்துக்கு மேல் கோர்ட்டுக்கு அலைந்த குடும்பங்கள் சார். நீங்கள் சொன்னபடி தீர்ப்பு அந்த ஊர்ப் பேப்பரில் வந்தது. மன்னிப்பும் அதே பேப்பரில்தான் வந்தது.

நாஞ்சில் வக்கீல்

தங்கச்சி சொன்னதோடு சேர்த்துச் சிலவற்றைச் சொல்ல வேண்டும்.

முதலில், வாத்தியார் சார் அர்ஜென்டினாவின் பாதிக் கதையைத்தான் சொல்லியிருக்கிறார். 1985இல் தண்டனை. 1990இல் அதிபர் மெனம் மன்னிப்புக் கொடுத்து விடேலாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். இடையில் கீழ்மட்ட அதிகாரிகளைக் காப்பாற்ற இரண்டு சட்டங்களும் வந்தன. அவற்றை அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் 2005இல்தான் தூக்கி எறிந்தது. எதை வைத்து எறிந்தது? பெரு நாட்டு வழக்கு ஒன்றில், இப்படிப்பட்ட படுகொலைகளுக்குப் பொது மன்னிப்பு செல்லாது என்று அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம் 2001இல் தீர்ப்புச் சொல்லியிருந்தது. அதையும் சர்வதேசச் சட்டத்தையும் கையில் வைத்துக்கொண்டுதான். விடேலா 2013இல் சிறையிலேயே செத்தார். ஆக வெளியாள் தேவைப்படவில்லை என்று சொல்ல முடியாது. உள்ளூர் நீதிபதிக்கு முதுகெலும்பு வெளியிலிருந்து வந்தது.

அடுத்தது மிருசுவில் வழக்கில் எனக்கு உறுத்தும் விஷயம். மன்னிப்பை விட்டுவிடுங்கள், அந்த மன்னிப்பே வராமல் இருந்திருந்தாலும் தண்டனை ஒரு சார்ஜன்ட்டோடு நின்றிருக்கும். ஏன்? சாதாரணக் கொலைச் சட்டம் கத்தி பிடித்த கையைத்தான் தேடும். மேலே உட்கார்ந்திருந்த அதிகாரி உத்தரவிட்டான், உடந்தையாக இருந்தான் என்று நிரூபித்தால் பிடிக்கலாம். ஆனால் போரில் யாரும் "போய்க் கொல்லு" என்று எழுத்தில் கொடுப்பதில்லை. கண்டும் காணாமல் இருப்பார்கள். அதற்குத்தான் சர்வதேசச் சட்டத்தில் கட்டளைப் பொறுப்பு என்று ஒன்று இருக்கிறது. தனக்குக் கீழே இருப்பவர்கள் செய்வது தெரிந்தும், அல்லது தெரிந்திருக்க வேண்டிய நிலையிலும், தடுக்கவோ தண்டிக்கவோ செய்யாத தளபதியும் குற்றவாளி. ஐ.சி.சி. என்ற சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை உருவாக்கிய ரோம் சட்டத்தின் 28ஆவது பிரிவு அதைத்தான் சொல்கிறது. இலங்கைச் சட்டத்தில் அது இல்லை. 2015இல் வந்த ஐ.நா. மனித உரிமை அலுவலக அறிக்கையும் இந்த ஓட்டையைச் சுட்டிக்காட்டியது.

இன்னொன்று: குமாரபுரம். திருகோணமலை மாவட்டம், 1996 பிப்ரவரி, இருபதுக்கும் மேற்பட்ட தமிழ்க் கிராமத்தவர் கொல்லப்பட்டார்கள். வழக்கு அனுராதபுரத்துக்கு மாற்றப்பட்டது. ஜூரி முழுக்கச் சிங்களவர்கள். 2016இல் ஆறு சிப்பாய்களும் விடுதலை. சாட்சி சொன்னவர்கள் அந்தக் கோர்ட்டுக்குப் போக, தங்களுக்குத் தெரியாத ஊருக்குப் பயணம் செய்ய வேண்டியிருந்தது. வாத்தியார் சார் சொல்லும் கிழவிக்கு அனுராதபுரமும் ஒரு ஹேக்தான்.

பழைய பட்டாளம்

கொஞ்சம் மறுபக்கமும் பேசுவோம். நான் பட்டாளத்தில் இருந்தவன், நம்ம மாவட்டத்தில் என்னை மாதிரி ஏராளம் பேர். ஏசி அறையில் உட்கார்ந்திருக்கும் வெளிநாட்டு நீதிபதிக்கு, ராத்திரி மூன்று மணிக்குப் புதருக்குள்ளிருந்து சத்தம் கேட்டால் சிப்பாய்க்கு என்ன தோன்றும் என்று தெரியுமா? ராணுவத்துக்கென்று சட்டம் இருக்கிறது, கோர்ட் மார்ஷல் இருக்கிறது. அங்கே சக அதிகாரிகள் தயவுதாட்சண்யம் பார்ப்பதில்லை.

அப்புறம், எப்போதும் ஒரு பக்கத்தை மட்டுமே ஏன் பேசுகிறோம்? காத்தான்குடிப் பள்ளிவாசலில் 1990 ஆகஸ்டில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களைச் சுட்டது யார்? பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பிடித்துப் போனது யார்?

முகாம் பிள்ளை

ஐயா, அதே ஐ.நா. அறிக்கையில் புலிகள் செய்ததும் எழுதப்பட்டிருக்கிறது. அதையும் விசாரிக்கட்டும். எங்கள் முகாமில் பிள்ளையை அவர்களிடம் பறிகொடுத்த தாய்மாரும் இருக்கிறார்கள், அவர்களுக்கும் கேட்க நிறையக் கேள்வி உண்டு. நான் அதற்கு மறுப்புச் சொல்லவில்லை.

ஆனால் பட்டாளம் என்றதால் நானும் ஒன்று கேட்கிறேன். 1987 அக்டோபர், தீபாவளி நேரம். யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் இந்திய அமைதிப்படை நுழைந்து நோயாளிகளையும் டாக்டர்களையும் நர்ஸ்மாரையும் சுட்டது. அதற்கு எந்த கோர்ட் மார்ஷல் நடந்தது?

மார்த்தாண்டம் மாப்ள

பழம்பொரியைக் கீழே வைத்துவிட்டேன்.

நாஞ்சில் வக்கீல்

பட்டாளத்து அண்ணாச்சியின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் தயவுதாட்சண்யம் பார்ப்பதில்லை என்பதை ஏற்க முடியவில்லை.

காஷ்மீரில் பத்ரிபல், 2000 மார்ச். ஐந்து பேரை வெளிநாட்டுத் தீவிரவாதிகள் என்று சொல்லிச் சுட்டார்கள். அவர்கள் உள்ளூர்க்காரர்கள், திட்டமிட்டுக் கொன்றிருக்கிறார்கள் என்று சி.பி.ஐ. குற்றப்பத்திரிகை போட்டது. சாதாரண நீதிமன்றமா, ராணுவ நீதிமன்றமா என்பதை ராணுவமே தேர்ந்தெடுக்கலாம் என்றது உச்ச நீதிமன்றம், 2012இல். ராணுவம் வழக்கைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டது. 2014 ஜனவரியில் போதிய ஆதாரம் இல்லை என்று மூடிவிட்டது. முழு விசாரணையே நடக்கவில்லை.

நாகாலாந்து ஓட்டிங், 2021 டிசம்பர். சுரங்க வேலை முடிந்து வண்டியில் வீட்டுக்குத் திரும்பிய தொழிலாளிகளை ராணுவம் சுட்டது. மாநிலப் போலீஸ் முப்பது ராணுவத்தினர் மேல் குற்றப்பத்திரிகை கொடுத்தது. ஆயுதப்படை சிறப்பு அதிகாரச் சட்டத்தின்படி மத்திய அரசு அனுமதி தந்தால்தான் வழக்கு நகரும். தரவில்லை. 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்துவைத்தது, பிறகு எப்போதாவது அனுமதி கிடைத்தால் தொடரலாம் என்று சொல்லி.

இலங்கையில் மன்னிப்பு, இங்கே அனுமதி. ஒன்று தீர்ப்புக்குப் பிறகு பூட்டுகிறது, மற்றது தீர்ப்புக்கு முன்பே பூட்டுகிறது. இரண்டு சாவியும் அரசாங்கத்தின் இடுப்பில்தான்.

தூத்தூர் கடலோடி

எல்லாம் வாசித்துக்கொண்டுதான் வந்தேன். படித்தவர்கள் சர்வதேசக் கோர்ட் என்றாலே பெரிசாகப் பேசுகிறீர்கள். எங்களுக்கு ஹேக்கைத் தெரியும் வக்கீல் சார். 2012 பிப்ரவரி 15, கேரளக் கடலில் இத்தாலிக் கப்பலிலிருந்து சுட்டு இரண்டு பேர் செத்தார்கள். ஒருவர் கொல்லத்துக்காரர், மற்றவர் எங்கள் கரைப் பையன். படகும் எங்கள் பக்கத்துப் படகு. அது போர்கூட இல்லை. மீன் பிடிக்கப் போனவர்களைக் கடற்கொள்ளையர் என்று நினைத்தோம் என்றார்கள்.

முதலில் கேரளா பிடித்து உள்ளே வைத்தது. அப்புறம் கேரளாவுக்கு அதிகாரம் இல்லை, டெல்லிக்குத்தான் என்றார்கள். அப்புறம் இத்தாலிக்குப் போய்வர விட்டார்கள். கடைசியில் ஹேக்கில் தீர்ப்பு, பத்துக் கோடி ரூபாய். சுட்டவர்கள் இங்கே ஒரு நாள்கூடக் குற்றவாளிக் கூண்டில் நின்று விசாரணையைச் சந்திக்கவில்லை. இதுதான் சர்வதேச நீதி என்றால் எங்களுக்கு வேண்டாம்.

நாஞ்சில் வக்கீல்

கடலோடி அண்ணே, உங்கள் கோபம் நியாயம். ஆனால் ஹேக்கில் இருப்பது ஒரே கோர்ட் இல்லை. அந்த வழக்கை விசாரித்தது கடல் சட்ட ஒப்பந்தத்தின்கீழ் அமைந்த நடுவர் மன்றம். அங்கே வாதி இத்தாலி, பிரதிவாதி இந்தியா. செத்தவர்களின் குடும்பம் அங்கே கட்சிக்காரரே இல்லை. யார் குற்றவாளி என்று அங்கே கேள்வியும் இல்லை, யாருக்கு விசாரிக்கும் அதிகாரம் என்பதுதான் கேள்வி. 2020 மே மாதம் ஐந்து நடுவர்களில் மூன்று பேர், அவர்கள் அரசுப் பணியில் இருந்த சிப்பாய்கள், ஆகவே இந்திய நீதிமன்றங்களிடமிருந்து விலக்கு உண்டு என்றார்கள். இந்தியாவுக்கு நஷ்டஈடு, விசாரணையை இத்தாலி தொடர வேண்டும் என்று முடித்தார்கள். 2021 ஜூனில் நம் உச்ச நீதிமன்றம் பத்துக் கோடியைப் பிரித்துக் கொடுத்து வழக்கை மூடியது, குடும்பத்துக்கு நாலு கோடி வீதம், படகுக்காரருக்கு இரண்டு கோடி. 2022 தொடக்கத்தில் ரோமில் நீதிபதி விசாரணையை முடித்துவைத்தார்.

அதாவது கடைசியில் அதுவும் உள்நாட்டு நீதிமன்றத்தில்தான் முடிந்தது. நம் உள்நாடு இல்லை, அவர்கள் உள்நாடு.

இந்த விலக்கு என்ற விஷயத்தில்தான் போர்க்குற்றம் வேறுபடுகிறது. அரசு வேலைக்காகச் செய்தேன் என்பது கொலைவழக்கில் ஒரு தடுப்பாக நிற்கலாம். போர்க்குற்றத்தில் நிற்காது என்பது நூரம்பர்க்கிலிருந்தே வரும் கொள்கை. ஜெர்மனியின் உச்ச கூட்டாட்சி நீதிமன்றம் 2021 ஜனவரியில் ஒரு ஆப்கான் ராணுவ அதிகாரி வழக்கில் இதையே திரும்பவும் சொன்னது.

தூத்தூர் கடலோடி

சட்டம் புரிகிறது. அந்தப் படகில் இருந்த மற்றப் பையன்களுக்கு முதலில் ஒன்றும் ஒதுக்கவில்லை, அவர்கள் தனியாகக் கோர்ட்டுக்குப் போய்த்தான் வாங்க வேண்டியிருந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வில்லுக்குறி வாத்தியார்

இவ்வளவு தூரம் வந்தபிறகு என் கட்சியைக் கொஞ்சம் திருத்திச் சொல்கிறேன். முழுக்க உள்நாடும் இல்லை, முழுக்க ஹேக்கும் இல்லை, இரண்டும் கலந்து வைத்தால் என்ன? 2015 அக்டோபரில் ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைக் கவுன்சிலில் நிறைவேறிய 30/1 தீர்மானம் அதைத்தானே சொன்னது? இலங்கை நீதிமன்றம், ஆனால் காமன்வெல்த் மற்றும் வெளிநாட்டு நீதிபதிகளும் வழக்கறிஞர்களும் உள்ளே. இலங்கை அரசே அதற்கு இணை அனுசரணை கொடுத்தது.

செனகலில் அப்படி நடந்திருக்கிறது. சாட் நாட்டு முன்னாள் சர்வாதிகாரி ஹிசேன் ஹாப்ரேயை டக்கார் நகரில் ஆப்பிரிக்க ஒன்றியத்தின் துணையோடு அமைந்த சிறப்பு மன்றம் விசாரித்து 2016இல் ஆயுள் தண்டனை கொடுத்தது. பாதிக்கப்பட்டவர்களே ஆண்டுக்கணக்கில் விடாமல் துரத்திக் கொண்டுவந்த வழக்கு அது.

பழைய பட்டாளம்

கலப்புக் கோர்ட் என்றால் கம்போடியாவும்தான். 2006இல் ஆரம்பித்து 2022 வரை ஓடியது. முப்பது கோடி டாலருக்கு மேல் செலவு. தண்டனை பெற்றது மூன்றே மூன்று பேர். லட்சக்கணக்கில் செத்த நாட்டில்!

முகாம் பிள்ளை

இலங்கையில் அந்தக் கலப்பு நீதிமன்றத்தின் ஒரு செங்கல்கூட வைக்கப்படவில்லை சார். வெளிநாட்டு நீதிபதி வரமாட்டார் என்று அப்போதைய ஜனாதிபதி சிறிசேன சொல்லிவிட்டார். 2020இல் புது அரசு அந்தத் தீர்மானத்தின் ஆதரவிலிருந்தே விலகிவிட்டது.

அப்படியானால் ஐ.சி.சி.க்கு நேராகப் போக முடியாதா? ஊர்வலத்தில் எல்லோரும் அதைத்தானே கேட்கிறார்கள்?

நாஞ்சில் வக்கீல்

இதற்குக் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐ.சி.சி. 2002 ஜூலையில் தொடங்கியது. அதற்கு முன் நடந்த எதையும் அது தொடாது. ஆகவே மிருசுவில், குமாரபுரம், யாழ் ஆஸ்பத்திரி, காத்தான்குடி எல்லாம் வெளியே. 2009 முள்ளிவாய்க்கால் காலக்கணக்குப்படி உள்ளே வரும். ஆனால் இலங்கை உறுப்பு நாடு இல்லை. உறுப்பில்லாத நாட்டின் மண்ணில் நடந்ததைப் பாதுகாப்பு கவுன்சில் அனுப்பிவைக்கலாம், சூடானின் டார்பூரை 2005இலும் லிபியாவை 2011இலும் அனுப்பினார்கள். சிரியாவை அனுப்ப முயன்றபோது 2014இல் ரஷ்யாவும் சீனாவும் வீட்டோ போட்டன. இலங்கைக்கு என்ன நடக்கும் என்று ஊகிக்க அரசியல் நிபுணர் தேவையில்லை.

ஒரு சந்து இருக்கிறது, ரோஹிங்கியாக்கள் திறந்த சந்து. மியன்மார் உறுப்பு நாடு இல்லை. ஆனால் அவர்களை விரட்டியபோது அவர்கள் போய் விழுந்த வங்கதேசம் உறுப்பு நாடு. நாடு கடத்துவது என்ற குற்றம் எல்லை தாண்டும்போதுதான் முழுமை அடைகிறது, அதன் ஒரு பகுதி வங்கதேசத்தில் நடக்கிறது, ஆகவே எங்களுக்கு அதிகாரம் உண்டு என்று ஐ.சி.சி. 2018இல் சொன்னது. 2021இல் பிரிட்டனில் இருக்கும் ஈழத்தமிழர்கள் சார்பில் இதே வாதத்தோடு ஐ.சி.சி. வழக்குத்தொடுநரிடம் விண்ணப்பம் போனது. பிரிட்டன் உறுப்பு நாடு.

தங்கச்சி, உங்கள் அம்மா படகேறி வந்து இறங்கியது ராமேஸ்வரத்தில். இந்தியா உறுப்பு நாடு இல்லை. 1998இல் ரோமில் நடந்த வாக்கெடுப்பில் இந்தியா ஆதரித்தோ எதிர்த்தோ வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது, கையெழுத்தும் போடவில்லை. லண்டனுக்கோ பாரிஸுக்கோ போய்ச் சேர்ந்த உங்கள் சொந்தக்காரருக்குத் திறக்கக்கூடிய சந்து, நம் மாவட்ட முகாமில் இருப்பவருக்கு அடைபட்டுக் கிடக்கிறது. இதை ஊர்வலத்தில் யாரும் சொல்வதில்லை.

சரி, இந்திய நீதிமன்றத்திலாவது போடலாமா? ஜெர்மனியில் கோப்லென்ஸ் நீதிமன்றம் 2022 ஜனவரியில் சிரியாவின் உளவுத்துறை அதிகாரி அன்வர் ரஸ்லானுக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. குற்றம் நடந்தது டமாஸ்கஸில். சாட்சிகளில் பலர் ஜெர்மனியில் அகதிகள். அகதியாக வந்த இடத்தின் உள்நாட்டு நீதிமன்றமே சர்வதேசக் குற்றத்தை விசாரித்தது. (அதே ஜெர்மனியில், ஸ்டட்கார்ட்டில், இலங்கை வெளியுறவு அமைச்சர் கதிர்காமர் கொலைக்கு உதவியதாகப் புலிகள் அமைப்பில் இருந்த ஒருவருக்கு 2020இல் சிறைத்தண்டனை கிடைத்தது. பட்டாளத்து அண்ணாச்சி கவனிக்க.)

நம் நாட்டில் 1960ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தங்கள் சட்டம் இருக்கிறது. யார் செய்தாலும், இந்தியாவுக்கு வெளியே செய்தாலும் விசாரிக்கலாம் என்கிறது. படித்தவுடன் சந்தோஷமாக இருக்கும். 17ஆவது பிரிவுக்கு வந்தால் அரசாங்கம் புகார் கொடுத்தால் மட்டுமே நீதிமன்றம் அதைத் தொடலாம். போதாததற்கு அந்தச் சட்டம் சொல்லும் கடும் மீறல்கள் நாட்டுக்கும் நாட்டுக்கும் நடக்கும் போருக்கானவை, உள்நாட்டுப் போருக்குப் பொருந்தாது. மனித குலத்துக்கு எதிரான குற்றம் என்று நம் தண்டனைச் சட்டத்தில் ஒரு பிரிவும் கிடையாது. 1984 சீக்கியர் படுகொலை தொடர்பான சஜ்ஜன் குமார் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2018 டிசம்பரில் இந்த ஓட்டையை உடனே அடைக்க வேண்டும் என்றது. அதற்குப் பிறகு பழைய தண்டனைச் சட்டத்தையே எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று கொண்டுவந்தார்கள், 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. அதிலும் இல்லை.

அதனால் உள்நாடா சர்வதேசமா என்ற கேள்வியில் எனக்கு அவ்வளவு அக்கறை இல்லை. நல்ல வழக்கெல்லாம் இரண்டிலும் கால் வைத்துத்தான் நடந்திருக்கிறது. இந்தியாவில் இருந்துகொண்டு கேட்பதாக இருந்தால், முதல் மனுவை ஜெனீவாவுக்கு எழுதாமல் டெல்லிக்கு எழுதுவேன். அந்தக் குற்றங்களைச் சட்டப்புத்தகத்தில் சேர், அரசு புகார் வேண்டும் என்ற நிபந்தனையை எடு.

பழைய பட்டாளம்

டெல்லி அதைச் செய்யாது வக்கீல் சார். செய்தால் ஓட்டிங்கும் அதற்குள் வரும்.

நாஞ்சில் வக்கீல்

அதனால்தான் அண்ணாச்சி கேட்க வேண்டும் என்கிறேன்.

மார்த்தாண்டம் மாப்ள

ஒரு சந்தேகம். முப்பது வருஷம் கழித்து வழக்குப் போட்டால் ஆதாரம் எங்கே இருக்கும்? நம்ம ஊர் பட்டா கேஸிலேயே பத்து வருஷத்தில் ஃபைல் காணாமல் போகிறதே.

முகாம் பிள்ளை

மண் வைத்திருக்கும் அண்ணா. கிருஷாந்தி என்ற பள்ளிக்கூட மாணவியை 1996இல் செம்மணி சோதனைச்சாவடியில் பிடித்துக் கொன்றார்கள், தேடிப்போன தாயையும் தம்பியையும் அயலவரையும் சேர்த்து. 1998இல் கொழும்பில் தண்டனை கிடைத்தது. அப்போது தண்டிக்கப்பட்ட சிப்பாயே, செம்மணியில் நூற்றுக்கணக்கில் புதைத்திருக்கிறோம் என்று கோர்ட்டில் சொன்னான். 1999இல் தோண்டிப் பதினைந்து உடல்கள் எடுத்தார்கள், அத்தோடு நின்றது. 2025இல் அதே செம்மணிப் பக்கம் மயானத்தில் கட்டட வேலைக்குத் தோண்டியபோது எலும்புகள் வந்தன. நீதிமன்ற உத்தரவில் அகழ்ந்ததில் இருநூறுக்கும் மேல். ஒரு சிறுபிள்ளையின் எலும்போடு பள்ளிக்கூடப் பையும் இருந்தது.

வாத்தியார் சாருக்காக ஒன்று சொல்லவேண்டும். அந்தச் சிப்பாயின் வாயைத் திறக்க வைத்தது உள்நாட்டு நீதிமன்றம்தான். அதை நான் மறைக்கவில்லை.

வில்லுக்குறி வாத்தியார்

நன்றி மகளே.

முகாம் பிள்ளை

வக்கீல் அண்ணா, ஒரு கேள்வி. அம்மாவுக்கு வயது போகிறது. அவ கண்டதைச் சொல்லச் சொல்லி ஃபோனில் வீடியோ எடுத்து யூடியூபில் போடலாம் என்று முகாம் பெடியன்கள் சொல்கிறார்கள். ஜெனீவாவில் ஆதாரம் சேர்க்கிறார்கள் என்றும் கேள்விப்பட்டேன். என்ன செய்யலாம்?

நாஞ்சில் வக்கீல்

யூடியூபில் போடவே வேண்டாம்.

ஜெனீவா விஷயம் உண்மை. 2021 மார்ச்சில் நிறைவேறிய 46/1 தீர்மானத்தின்படி ஐ.நா. மனித உரிமை அலுவலகம் எதிர்கால வழக்குகளுக்காக ஆதாரம் திரட்டிப் பாதுகாக்கிறது. எந்த நாட்டு நீதிமன்றம் கேட்டாலும் கொடுப்பதற்காக.

அம்மாவைப் பலர் பலமுறை கேட்டுப் பதிவு செய்வதுதான் பெரிய ஆபத்து. ஒவ்வொரு முறையும் சின்னச் சின்ன வித்தியாசம் வரும், அது மனித இயல்பு. குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் இரண்டு வீடியோவையும் பக்கத்தில் வைத்து, எது பொய் என்று கேட்பார். நானாக இருந்தாலும் கேட்பேன். ஐ.சி.சி. வழக்குத்தொடுநர் அலுவலகமும் ஐரோப்பிய நீதித்துறை அமைப்பும் சேர்ந்து 2022இல் தன்னார்வ அமைப்புகளுக்கு வெளியிட்ட வழிகாட்டியும், முழு வாக்குமூலம் எடுப்பதைப் பயிற்சி பெற்றவர்களிடம் விடச் சொல்கிறது.

நீங்கள் இப்போது செய்யக்கூடியது: அம்மா யார், எந்தக் கிராமம், எந்த மாதம் எங்கே இருந்தார், கூட இருந்தவர்களில் உயிரோடு இருப்பவர் யார். இவ்வளவு மட்டும் ஒரு தாளில் எழுதித் தேதி போட்டு வையுங்கள். பழைய போட்டோ, அடையாள அட்டை, ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தால் மூலத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள், பின்பக்கம் எதுவும் எழுதாதீர்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், சொல்ல விருப்பமா என்று அம்மாவிடம் கேளுங்கள். ஊரில் இன்னும் சொந்தம் இருந்தால் அவர்களுக்கு என்ன வரும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

முகாம் பிள்ளை

அம்மாவிடம் யாரும் விருப்பமா என்று கேட்கவில்லை. இன்றைக்குக் கேட்கிறேன். அவவின் தேசிய அடையாள அட்டை ஏற்கெனவே லேமினேட் செய்தாகிவிட்டது அண்ணா, மழை வந்தால் முகாம் வீடு ஒழுகும்.

நாஞ்சில் வக்கீல்

பரவாயில்லை, பிரிக்க முயலாதீர்கள். அப்படியே இருக்கட்டும். மற்றதைத் தனிமடலில் பேசுவோம், இங்கே ஊர்ப்பெயர் எதுவும் எழுத வேண்டாம்.

தூத்தூர் கடலோடி

வக்கீல் சார், டெல்லிக்கு அந்த மனுவை எழுதினால் எங்கள் கரையிலிருந்து கையெழுத்து நான் வாங்கித் தருகிறேன். கடலுக்குப் போனவர்கள் திரும்பி வரட்டும், இப்போது கரையில் ஆள் இல்லை.